ஒழுகாத மொட்டை மாடிக்கு ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு தேவைதானா?

கேள்வி
எழுதியவர்: சங்கச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாடிகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் உரிமையாளர் சங்கத்தில் செயலாளர் பொறுப்பில் இருக்கிறேன். கட்டடத்துக்குப் பதினைந்து வயது ஆகப்போகிறது. மேலே கான்கிரீட் தளம். அதன்மீது நீர் வடிவதற்காக வாட்டம் (சரிவு) கொடுத்து ஓடு பதித்த மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிகள், சூரிய மின்தகடுகள், ஏர் கண்டிஷனர்களின் வெளிப்பெட்டிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வாகனங்கள் நிற்கும் பக்கவாட்டுப் பகுதிக்கு மட்டும் உலோகத் தகடு வேய்ந்த சாய்கூரை உண்டு.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பின்பும் கூரை முழுவதையும் முறையாகப் பார்வையிட்டு, தென்படும் சிறு பழுதுகளை அப்போதே சரிசெய்துவிட வேண்டும் என்றும், அதற்காக ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்றும் செயற்குழுவில் முன்மொழிந்தேன். பெரும்பாலோர் ஏற்கவில்லை. கூரை இதுவரை ஒழுகவில்லை, ஒழுகாத ஒன்றுக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது அவர்களுடைய முதல் வாதம். அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவைத்து, பழுது வரும்போது மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்பது இரண்டாவது. மூன்றாவது வாதத்துக்கு என்னிடமே விடை இல்லை. இதற்கு முன் நாங்கள் அழைத்த ஒப்பந்ததாரர்கள் எல்லோரும், மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தளம் முழுவதற்கும் புதிய நீர்க்காப்புப் பூச்சு அடித்தே ஆக வேண்டும் என்று கூறினார்கள். பராமரிப்பு என்பதே பூச்சு விற்பதற்கான ஏற்பாடுதானோ என்று உறுப்பினர்கள் ஐயப்படுகிறார்கள்.

ஒழுகாத கூரையைப் பராமரிப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா, உண்டென்றால் அது எந்த வழியில் வருகிறது, அந்தப் பராமரிப்பில் என்னென்ன வேலைகள் அடங்கும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன். அச்சுறுத்தும் சொற்களைவிட, கூட்டத்தில் எடுத்துச் சொல்லக்கூடிய காரணங்கள் எனக்கு உதவும்.


மறுமொழி 1
எழுதியவர்: கட்டமைப்புப் பொறியாளர்

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் உறுப்பினர்களின் முதல் வாதத்தையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது வாதமும் அதன்மேல்தான் நிற்கிறது.

ஒழுகவில்லை என்பது கூரை நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. மேலே ஓடு, அதன் அடியில் சாந்துப் படுகை, வாட்டத்துக்காகப் போட்ட கலவை, நீர்க்காப்புப் படலம், அதற்கும் கீழே கான்கிரீட் என்று பல அடுக்குகள் உள்ள தளத்தில், ஓட்டின் இடுக்கு வழியே இறங்கும் நீர் முதலில் இந்த அடுக்குகளை நனைத்து அவற்றுக்குள்ளேயே தங்குகிறது. படலத்தில் ஒரு கிழிசலோ இணைப்பில் ஒரு பிளவோ கிடைக்கும்வரை அது பக்கவாட்டில் பரவிக்கொண்டிருக்கும். வழி கிடைத்த பிறகும் கான்கிரீட்டின் நுண்துளைகளையும் மயிரிழை விரிசல்களையும் கடந்துதான் கீழே வர வேண்டும். அறையின் உட்கூரையில் முதல் ஈரக்கறை தெரியும்போது, மேலே நீர் புகத் தொடங்கிச் சில பருவங்கள்கூடக் கடந்திருக்கலாம். நீர் நுழைந்த இடத்துக்கு நேர் கீழேதான் கறை தோன்றும் என்ற உறுதியும் இல்லை.

இனி, உள்ளே புகும் நீர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். புதிய கான்கிரீட் வலுவான காரத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு 12.5 அல்லது அதற்கும் மேல் இருக்கும். அந்தக் காரச் சூழலில் இரும்புக் கம்பியின்மீது மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் ஊடுருவி, மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அந்தக் காரத்தன்மையைக் குறைத்துக்கொண்டே போகிறது. இதைக் கார்பனேற்றம் என்பார்கள். இதன் ஆழம் ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்வதால், கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன் பாதியாகக் குறைந்தால், கம்பியை எட்டுவதற்கு ஆகும் காலம் கால்பங்காகக் குறைந்துவிடும். தளங்களின் அடிப்பக்கக் கம்பிகளுக்குப் பொதுவாக 15 முதல் 25 மில்லிமீட்டர் மூடல்தான் கொடுக்கப்படுகிறது. வார்ப்பின்போது கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் இடைவெளி விடுவதற்காக வைக்கும் சிறு கட்டை) ஒழுங்காக வைக்காத இடங்களில் அதுவும் இருக்காது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கார்பனேற்றம் கம்பியை எட்டிவிட்டாலும், கான்கிரீட் உலர்ந்திருக்கும்வரை துரு குறிப்பிடத்தக்க அளவில் வளராது. அதற்கு நீரும் ஆக்சிஜனும் வேண்டும். ஆகவே, உலர்ந்த அறைக்கு மேலுள்ள பழைய தளத்தில், காப்பை இழந்த கம்பிகள் பல ஆண்டுகள் ஒன்றும் ஆகாமல் கிடக்கலாம். கசிவு தொடங்கும் நாளிலிருந்து நிலைமை வேறாகிவிடுகிறது. கட்டி இரண்டு ஆண்டான தளத்தில் வரும் கசிவைவிட, உங்களுடையதைப் போல வயதேறிய தளத்தில் வரும் கசிவு கம்பிக்கு அதிகக் கேடு செய்வது இதனால்தான். இத்தனை ஆண்டு தாங்கிய கூரை இனியும் தாங்கும் என்ற கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது.

துரு, தான் உண்டான இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த வீக்கம் கம்பிக்குக் கீழுள்ள கான்கிரீட்டைப் பிளந்து, பாளம் பாளமாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. அந்த நிலையை எட்டிவிட்டால், தளத்துக்கு முட்டுக்கொடுத்து, நொய்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவை நீக்கி, தேய்ந்துபோன இடங்களில் புதுக்கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த சாந்தால் மூடி, அதன் பிறகு மேலே நீர்க்காப்பையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அத்தனை நாளும் மேல்மாடியில் குடியிருப்பவர் தம் அறைகளைக் காலிசெய்து தர வேண்டும். வங்கியில் போட்ட பணம் சீராகத்தான் கூடும். கூரைச் செலவு அப்படிக் கூடுவதில்லை. ஒரு கட்டம்வரை சிறிதாக இருந்துவிட்டு, கம்பி துருப்பிடித்ததும் வேறொரு வேலையாகவே மாறிவிடுகிறது. இரண்டாவது வாதத்தைக் கூட்டத்தில் எழுப்புபவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லலாம்.

கசிவைப் பொறுத்துக்கொண்டே போனால் எங்கே கொண்டுவிடும் என்பதற்குப் பொது ஆவணங்களில் பதிவான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள எலியட் லேக் நகரில், ஆல்கோ மையம் என்ற வணிக வளாகத்தின் கூரையே வாகன நிறுத்துமிடமாக அமைக்கப்பட்டிருந்தது. 1980-இல் திறக்கப்பட்ட காலத்திலிருந்தே அது ஒழுகியது. கூரை முழுவதற்கும் முறையான நீர்க்காப்பு செய்யப்படாமல், அவ்வப்போது ஒட்டுவேலையே நடந்துவந்தது. குளிர்காலத்தில் வாகனங்களோடு வந்த உப்புக் கலந்த நீர், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இறங்கி, உத்தரமும் தூணும் சேரும் எஃகு இணைப்பு ஒன்றை அரித்துவிட்டது. 2012 ஜூன் 23 அன்று கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்து இருவர் இறந்தனர். அதை ஆராய்ந்த பொது விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2014-இல் வெளியானது. உங்கள் கட்டடம் கான்கிரீட். அங்கே உடைந்தது எஃகு இணைப்பு. உப்பும் உங்களுக்கு இல்லை. எனவே, இதை மிரட்டலாகப் பயன்படுத்த வேண்டாம். ஆனால், ஒழுகல் என்பது தரையில் வாளி வைத்துச் சமாளிக்கும் சிறு தொல்லை என்று எண்ணுபவர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

கசிவே இல்லாமலும் கூரைக்குக் கேடு வரக்கூடும். சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோகிராம். கைப்பிடிச் சுவர் சூழ்ந்த 100 சதுர மீட்டர் மாடியில், வடிகுழாயின் வாயைக் குப்பை அடைத்து 10 சென்டிமீட்டர் நீர் தேங்கினால், தளத்தின் மீது 10 டன் பாரம் ஏறிவிடுகிறது. நடமாட்டத்துக்காகக் கட்டப்பட்ட சாதாரண மாடிகளின் வடிவமைப்பில் கணக்கில் கொள்ளும் கூடுதல் பாரத்தில் இது பெரும்பங்கு. அந்தப் பத்து டன்னை வரவிடாமல் தடுப்பது, மழைக்கு முன் ஒருவர் மேலே சென்று சருகை அள்ளிப்போடும் வேலை.


மறுமொழி 2
எழுதியவர்: நீர்க்காப்புப் பணி மேற்பார்வையாளர்

பொறியாளர் அவர்கள் கூறியவற்றோடு முழுதும் உடன்படுகிறேன். நான் உங்கள் மூன்றாவது வாதத்துக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் உறுப்பினர்களின் ஐயம் நியாயமானது. தளம் முழுவதற்கும் பூச்சு அடிப்பது பராமரிப்பு ஆகாது, அது புதுப்பிப்பு. பழைய பூச்சு வெயிலில் வெளுத்து, சுண்ணம் போல உதிர்ந்து, வெடித்து, பெயரத் தொடங்கும்போது அதற்கான காலம் வரும். அதற்கு முன், எங்கே நீர் புகுகிறது என்று பார்க்காமலே எல்லா இடத்திலும் பூச்சு அடிப்பதில், பழுதான அந்த ஒரு மூலையும் சேர்ந்து மூடப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் போவதைத் தவிர வேறு பயன் குறைவு. ஈரம் காயாத தளத்தின்மீது அடித்தால் இன்னும் கேடு: வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி, பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

பழுது பெரும்பாலும் தளத்தின் நடுவில் தொடங்குவதில்லை. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, குழாய்கள் தளத்தைத் துளைத்து வரும் இடம், வடிகுழாயின் வாய், படிக்கட்டு அறையின் வாசற்படி, தொட்டியைத் தாங்கும் பீடத்தின் அடி, மின்தகடுகளின் கால்களை முடுக்கிய திருகுகள் என்று, ஒரு பொருள் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடங்களில்தான் நீர் வழி தேடும். இதற்குக் காரணம் வெப்ப அசைவு. கான்கிரீட் ஒரு டிகிரி வெப்பத்துக்குத் தன் நீளத்தில் லட்சத்தில் ஒரு பங்கு நீளும். 20 மீட்டர் நீளத் தளத்தின் வெப்பம் 30 டிகிரி மாறினால் அது 6 மில்லிமீட்டர். அந்த அசைவு ஒவ்வொரு நாளும் ஏதோ ஓர் அளவில் நடந்துகொண்டே இருக்கிறது. சுவரும் குழாயும் அதே அளவில் அசைவதில்லை. அந்த இடுக்கைச் சிமென்ட்டால் அடைத்தால், சிமென்ட்டுக்கு நெகிழ்வு இல்லாததால், அடுத்த கோடையில் அதே கோட்டில் மீண்டும் விரிசல் விடும். பாலியூரிதேன் போன்ற நெகிழும் அடைப்பான்தான் அங்கே பொருந்தும். கடையில் மலிவாகக் கிடைக்கும், புளித்த காடி நெடி அடிக்கும் சிலிக்கானை மட்டும் வாங்கவே வேண்டாம். அது இறுகும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் சிமென்ட் பரப்பில் பிடிப்பைக் கெடுக்கும். துத்தநாகம் பூசிய தகட்டை அரிக்கும்.

மாடியைப் பார்வையிடச் செல்பவர், மழை பெய்து நின்ற மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ செல்வது நல்லது. 48 மணி நேரத்துக்குப் பிறகும் நீர் வற்றாமல் நிற்கும் இடங்கள், வாட்டம் கெட்ட இடங்கள். நீர் காய்ந்துவிட்டாலும் அங்கே வட்டமாகப் படிந்த அழுக்கு காட்டிக்கொடுத்துவிடும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் இருக்க வேண்டும். அடுத்து, ஓடுகளின் இடுக்குச் சாந்து உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறு சுத்தியலின் கைப்பிடியால் ஓட்டைத் தட்டிப் பார்த்தால், அடியில் பிடிப்பு விட்ட இடம் பொள்ளலாக ஒலிக்கும். அந்த ஓடுகளின் அடியில் நீர் தங்க வாய்ப்பு உண்டு. நீர்க்காப்புப் படலம் சுவரில் 15 சென்டிமீட்டர் உயரமாவது ஏறியிருக்க வேண்டும். பிற்காலத்தில் யாராவது மாடித்தரையை மேலும் உயர்த்தி ஓடு பதித்திருந்தால் இந்த உயரம் குறைந்துபோயிருக்கும். பறவைகளின் எச்சத்தில் வரும் விதைகள் சுவரிடுக்கில் முளைத்திருந்தால், கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். தண்டை மட்டும் வெட்டினால் வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும்.

சூரிய மின்தகடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூரையை நன்றாக வைத்திருந்தவர்கள்கூட இதில் ஏமாறுகிறார்கள். தகடு பொருத்த வருபவர்களின் கவலை, காற்றில் தகடு பறக்கக் கூடாது என்பது. நீர்க்காப்புப் படலத்தைத் துளையிட்டுவிட்டோம் என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை. ஒவ்வொரு காலின் அடியிலும் துளை மூடப்பட்ட விதத்தை மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். இனிமேல் மாடியில் யார் எதைப் பொருத்தினாலும், துளையிடும் முன் சங்கத்தின் எழுத்துமூல ஒப்புதல் பெற வேண்டும் என்று ஒரு விதி வைத்துவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை.

வாகன நிறுத்துமிடத்தின் உலோகக் கூரையில் தகட்டைவிடத் திருகுகள்தான் முதலில் கெடும். திருகின் தலைக்கு அடியிலுள்ள ரப்பர் வாஷர் வெயிலில் இறுகி வெடித்துவிடும். திருகை அளவுக்கு மீறி முடுக்கினாலும் வாஷர் பிதுங்கிக் கிழியும். தகட்டைத் துளையிட்டபோது சிதறிய இரும்புத் துகள்களைக் கூட்டி எடுக்காமல் விட்டிருந்தால், அவை துருப்பிடித்துத் தகட்டின் பூச்சையும் கெடுக்கும். ஏர் கண்டிஷனரிலிருந்து வடியும் நீர் அந்தத் தகட்டில் சொட்டக் கூடாது. செப்புச் சுருளைத் தொட்டு வரும் நீர், துத்தநாகப் பூச்சுள்ள தகட்டை வேகமாக அரிக்கும். ஒரு சிறு குழாய் இணைத்து வேறு பக்கம் திருப்பிவிட்டால் போதும்.


மறுமொழி 3
எழுதியவர்: கட்டட நிர்வாகி

இங்கே எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால், மறுபக்கத்தையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். முன்கூட்டிய பராமரிப்பு எப்போதும் செலவைக் குறைக்கும் என்று பொதுப்படையாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. நீர்க்காப்புக்கும் ஓர் ஆயுள் உண்டு. ஆயுள் முடிந்த படலத்தை ஆண்டுக்கு நான்கு இடங்களில் ஒட்டிக்கொண்டிருப்பது, முழுவதையும் மாற்ற வேண்டிய முடிவைத் தள்ளிப்போடும் வழியாகிவிடுகிறது. அந்த ஒட்டுகளுக்குச் செலவான பணம், பின்னர் முழுமையாக மாற்றும்போது கொத்திக் குப்பையில் போடப்படுகிறது. எலியட் லேக்கில் நடந்ததும் ஒரு வகையில் இதுவே. அங்கே ஒட்டுவேலைக்குக் குறைவில்லை. செய்ய வேண்டிய பெரிய வேலைதான் நடக்கவில்லை. ஆகவே, ஆண்டுப் பார்வையின்போது 'எதை ஒட்டலாம்' என்ற கேள்வியோடு, 'இன்னும் ஒட்டத்தான் வேண்டுமா' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பராமரிப்பு என்ற பெயரில் கூரைக்குச் செய்யப்படும் தீங்குகளும் உண்டு. உயர் அழுத்த நீரைப் பீய்ச்சிக் கழுவுவதால் ஓடுகளின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு, இடுக்குச் சாந்து பறந்து, மூடிகளுக்குள் நீர் ஏறுகிறது. அமிலம் ஊற்றிப் பாசியை நீக்குபவர்கள் சாந்தையும் சேர்த்துக் கரைக்கிறார்கள். தேவையில்லாமல் பலர் ஏறி நடப்பதே சில கூரைகளுக்குக் கேடு. உங்கள் உலோகக் கூரையில் வெளிச்சத்துக்காக இடையே ஒளிபுகும் தகடு பதித்திருந்தால், அதன்மீது யாரும் கால் வைக்கக் கூடாது. வெயிலில் நொறுங்கும் தன்மை அடைந்த அந்தத் தகடு, மனித எடையைத் தாங்காமல் உடைந்து ஆட்கள் கீழே விழுந்து இறப்பது பல நாடுகளில் பதிவாகியுள்ள விபத்து வகை. பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடாக இருந்தால் இந்த ஆபத்தோடு இன்னொன்றும் சேர்கிறது: அதைத் தேய்ப்பது, அறுப்பது, துளையிடுவது, உடைப்பது எல்லாமே நுரையீரலுக்குக் கேடான இழைகளைக் காற்றில் கலக்கும். சாய்கூரையை ஏணியில் நின்றும் தொலைநோக்கி வைத்தும் பார்த்தாலே பாதிச் செய்தி தெரிந்துவிடும்.

ஒதுக்கீட்டை நான் எதிர்க்கவில்லை. அந்தத் தொகையின் பெரும்பகுதி பார்வையிடுவதற்கும் பதிவு செய்வதற்கும் போகட்டும். பூச்சு வாங்குவது அதில் வழக்கமான இனமாக இருக்க வேண்டாம்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: சங்கச் செயலாளர்

மூவருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிடத் தெளிவான விளக்கங்கள் கிடைத்தன. புதுப்பிப்பையும் பராமரிப்பையும் தனித்தனி இனங்களாகப் பிரித்தே தீர்மானத்தை எழுதப்போகிறேன். இந்த உரையாடலைக் கண்ட மேல்மாடி உறுப்பினர் ஒருவர், தம் வீட்டின் குளியலறைக்கு வெளியே உட்கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஈரக்கறை இருப்பதாகவும், மழையே இல்லாத மாதங்களிலும் அது மறைவதில்லை என்றும் தெரிவித்திருக்கிறார். ஆகவே, 'ஒழுகாத கூரை' என்று நான் எழுதியதே இப்போது கேள்விக்குரியதாகிவிட்டது. இதை எப்படி ஆராய்வது? மேலும், பதிவு என்று நிர்வாகி அவர்கள் குறிப்பிட்டது எத்தகைய பதிவு?


மறுமொழி 4
எழுதியவர்: கட்டமைப்புப் பொறியாளர்

மழையில்லாத காலத்திலும் மறையாத கறை என்றால், மழைநீரைவிடக் குழாய் நீரையே முதலில் ஐயப்பட வேண்டும். அந்த இடத்துக்கு மேலே தொட்டியோ, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயோ, தளத்துக்குள் புதைந்த குழாயோ இருக்கிறதா என்று பாருங்கள். இரவு எவரும் நீர் பயன்படுத்தாத நேரத்தில், தொட்டிக்குள் நீர் வரும் வழியையும் வெளியேறும் எல்லா வால்வுகளையும் மூடி, நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியிலோ வால்வுக்கு முன்புள்ள இணைப்பிலோ கசிவு. இறங்காமல் இருந்தால், வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து அடுத்தடுத்த இரவுகளில் இதையே செய்தால் கசியும் குழாய் பிடிபடும். மேல்மாடியில் எவரும் குழாயைத் திறக்காமல் இருந்தால்தான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு.

குளியலறைக்கு வெளியே என்று அவர் கூறியிருப்பதால், நீராவி குளிர்ந்து படிவதும் ஒரு வாய்ப்பு. கறை இருக்கும் இடத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, நெகிழித் தாள் ஒன்றை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விட்டுவையுங்கள். தாளின் வெளிப்புறம் வியர்த்திருந்தால் ஈரம் அறைக்காற்றிலிருந்து வருகிறது. உட்புறம் வியர்த்திருந்தால் தளத்துக்குள்ளிருந்து வருகிறது. முதலாவது என்றால் குளியலறையில் காற்று வெளியேற்றும் விசிறி பொருத்துவதோடு வேலை முடிந்துவிடும். கறையின் விளிம்பில் வெண்ணிறப் பொடி பூத்திருந்தால், நீர் கான்கிரீட்டைக் கடந்து உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று கொள்ளலாம். பழுப்பு நிறம் கம்பியின் துருவாக இருக்கக்கூடும். அந்நிறம் தெரிந்தால் காத்திருக்காமல் பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். கறைக்கு அருகில் விளக்கோ மின்விசிறியோ இருந்தால், அந்த மின்சுற்றை இப்போதே நிறுத்திவிடச் சொல்லுங்கள். தளத்துக்குள் புதைந்த மின்குழாய்கள் நீருக்கும் வழியாகிவிடும்.

பதிவு என்பது பெரிய ஆவணம் எதுவும் இல்லை. மாடியின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, வடிகுழாய்களுக்கும் இணைப்புகளுக்கும் எண்கள் இட்டு, ஒவ்வொரு பார்வையின்போதும் ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் படம் எடுத்து, தேதியுடன் சேர்த்துவையுங்கள். விரிசல் தெரிந்தால் அதன் இரு முனைகளையும் பென்சிலால் குறித்து அருகில் தேதி எழுதுங்கள். அடுத்த முறை அது முனையைத் தாண்டி நீண்டிருக்கிறதா என்பது, எந்த ஒப்பந்ததாரரின் சொல்லும் தேவையில்லாமல் தெரிந்துவிடும். நீர்க்காப்புக்கு உத்தரவாதம் பெற்றிருந்தால் அதன் நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள். முறையாகப் பராமரித்ததற்கான சான்று பெரும்பாலும் அவற்றில் ஒன்றாக இருக்கும். கட்டடக் காப்பீடும் பொதுவாகத் திடீர்ச் சேதத்துக்கே இழப்பீடு தரும். தேய்மானத்தாலும் கவனிப்பின்மையாலும் வந்ததற்குத் தராது.


மறுமொழி 5
எழுதியவர்: நீர்க்காப்புப் பணி மேற்பார்வையாளர்

ஓர் எச்சரிக்கை மட்டும். கசிவைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லி மாடி முழுவதும் நீர் கட்டிவைக்க யாராவது முன்வருவார்கள். புதிதாகப் படலம் போட்டு, அதன்மேல் ஓடு பதிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை அது. வழக்கமாக 25 முதல் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். ஓடு பதித்த பழைய மாடியில் நீர் கட்டினால், இதுவரை உலர்ந்திருந்த சாந்துப் படுகையும் நனைந்துவிடும். எங்கிருந்து கசிகிறது என்பதும் தெளிவாகாது. குழாய்ச் சோதனையும் நெகிழித் தாள் சோதனையும் முடிந்த பின்னும் ஐயம் நீடித்தால், கறைக்கு மேலுள்ள பகுதியைச் சிறு பாத்திகளாக அணைகட்டி, வாட்டத்தின் தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு பாத்தியில் மட்டும் நீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே ஒருவர் கறையின் விளிம்பைப் பென்சிலால் குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு பாத்திக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாளாவது விட வேண்டும்.